மேலிருந்து விழுவது

ஜனவரி 9

மருமகளுக்கு,

நீ ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று ஒரு கடிதம், அங்கே குளிர் அதிகம் என்று ஒரு கடிதம். அதன் பிறகு உன் கையெழுத்தை நான் பார்க்கவில்லை. போன் செய்கிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் காது விஷயம் உனக்குத் தெரியும். நீ கத்துகிறாய், அழுகிறாயா, சண்டை போடுகிறாயா, அங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை என்கிறாயா, எனக்குப் புரிவதில்லை. கீழ்க்கடைத் தையல்காரர் ரிசீவரை வாங்கிப் பேசிவிட்டு, "நல்லா இருக்காங்களாம்" என்கிறார். அதற்கு எதற்கு அவ்வளவு கத்தல்? எழுது. அச்சகத்தில் பிழை திருத்தித் தேய்ந்த கண்தான், ஆனாலும் காதைவிட ஒழுங்காக வேலை செய்கிறது.

தையல்காரரின் மச்சான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். அவர் சொன்னாராம், உங்கள் ஆய்வுக் கப்பல் மார்ச்சில் மறுபடி அதே இடத்துக்குப் போகிறது என்று. நீயும் போகிறாயாம். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

கோபம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். போகிற இடத்தில் என் பிள்ளையைத் தேடச் சொல். போன வருஷம் இரண்டு நாள் தேடினார்கள், அதுவும் மேலே, அலையில். கடலில் கரைத்த பெருங்காயம். அவன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்று கேப்டனே சொன்னார். மாலையில் கயிறு இழுக்கும் வின்ச்சைச் சரிபார்க்க மேல்தளத்துக்குப் போனான், அப்புறம் காணோம். அவ்வளவுதான் யாருக்கும் தெரியும். பிறகு எப்படி அறிக்கையில் 'மூழ்கினார்' என்று எழுதினார்கள்? மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தால் முதலாளி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

உங்களிடம் கேமரா இருக்கிறது. கீழே பாருங்கள். கீழே அவன் இல்லை என்றால் மேலே எங்கேயோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? எட்டு வயதிலேயே நீந்தக் கற்றவன் அவன்.

உங்கள் அறையைப் பெருக்கி, கட்டில் விரிப்பை மாற்றியிருக்கிறேன். நீ வருவதாக இருந்தால் சொல்.

மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

பயணத்தைப் பற்றி உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே முடிவாகவில்லை, அதனால்தான். எங்கள் ஆய்வுத் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வரலைன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவரும் கேட்டார். நானும் உங்கள் பிள்ளையும் கடைசியாக ஒன்றாக இருந்தது அங்கேதான் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

தேடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஆழம் மூன்று கிலோமீட்டர். நம் வீட்டிலிருந்து ரயில் நிலையம் அவ்வளவு தூரம்தான். நீங்கள் பாதி வழியில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவீர்கள். அந்தத் தெருவைத் தூக்கி நிமிர்த்தி வையுங்கள், அவ்வளவு தண்ணீர். மூன்று கால் வைத்த ஓர் இரும்புச் சட்டத்தில் கேமராவையும் விளக்கையும் கட்டி இறக்குகிறோம். இறங்கின இடத்தில் நம் சாப்பாட்டு மேசை அளவுக்கு வெளிச்சம் விழும். அதற்கு அப்பால் இருட்டு. சட்டத்தை அங்கிருந்து நகர்த்த முடியாது. எங்களால் முடிந்ததைச் செய்ய முயற்சிக்கிறோம், ஆனால் தேடுவது என்பது அங்கே நடக்கிற காரியம் இல்லை.

நான் அங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் என்னைக் கேட்டதே இல்லை. உங்கள் பிள்ளை உங்களிடம், "சேத்தை அள்ளிட்டு வந்து எண்ணுறாப்பா, அதுக்கு மேல எனக்கும் தெரியாது" என்று சொல்ல, இரண்டு பேரும் சிரித்தீர்கள். பொய் இல்லை. அந்தச் சேற்றில் ஒற்றைச் செல் உயிர்கள் இருக்கின்றன. வாய் இல்லை, கண் இல்லை, வயிறு இல்லை. மொத்த உடம்பும் ஒரே செல். அதைச் சுற்றி மணலைவிடப் பொடியான சுண்ணாம்பு ஓடு. ஓட்டில் உள்ள துளைகள் வழியே முடியைவிட மெல்லிய இழைகளை வெளியே நீட்டும். கை, கால், வாய் எல்லாம் அந்த இழைதான். வெளிச்சம் போகாத இடம், எதுவும் முளைக்காது. சாப்பிட ஏதாவது வேண்டுமென்றால் மேலிருந்து விழ வேண்டும். வருஷத்தில் பெரும்பாலான நாள் ஒன்றும் வராது. மேல் கடலில் பாசி ஒரேயடியாகப் பெருகிச் செத்து, பஞ்சு மாதிரி மெல்ல மெல்ல இறங்கும் பருவத்தில்தான் ஒரு விருந்து.

அப்படித் திடீரென்று சாப்பாடு வந்தால் அவை என்ன செய்கின்றன என்பதுதான் என் வேலை. ஆய்வகத்தில் பாசி வளர்த்து, பிறகு அடையாளம் தெரியும்படி செய்து, கடலடியில் ஒரு பெட்டிக்குள் தூவுகிறோம். சில நாள் விட்டு எடுத்துப் பார்க்கிறோம். போன வருஷம் எடுத்தபோது வெளிறிக் கிடந்தவற்றின் ஓட்டுக்குள் பச்சை தெரிந்தது. சேற்றுக்குள் புதைந்திருந்த சில, வாசனை பிடித்த மாதிரி மேலே ஏறி வந்திருந்தன. சில வகைகள் மட்டும் அசையவே இல்லை. சாப்பாடு பக்கத்திலேயே கிடந்தது. நான் அந்த மாலை கீழே குளிர் அறையில் உட்கார்ந்து அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அபாய மணி அடித்தது.

அங்கே விழும் எதுவும் வீணாவதில்லை, மாமா. முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதுதான். எவ்வளவு கொஞ்சமாக விழுந்தாலும் அதற்காக ஒரு உயிர் காத்துக்கொண்டிருக்கிறது.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 6

மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அச்சகப் பழக்கம். முதல் தடவை விஷயத்துக்கு, இரண்டாம் தடவை எழுத்துக்கு, மூன்றாம் தடவை முதல் இரண்டிலும் தப்பியதற்கு.

'முயற்சிக்கிறோம்' என்று ஒரு சொல் இல்லை. முயல்கிறோம், அல்லது முயற்சி செய்கிறோம். 'ஒரு உயிர்' இல்லை, ஓர் உயிர். இதை உன் கல்யாணத்துக்கு மறுநாளே சொன்னேன்.

'அங்கே விழும் எதுவும் வீணாவதில்லை.' இதில் பிழை இல்லை. எழுத்து சரி, சந்தி சரி, எழுவாய் பயனிலை எல்லாம் சரி. பேனாவை வைத்துக்கொண்டு அந்த வரிக்கு முன்னால் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

நீ எழுதியது பாசியைப் பற்றி. அது கூடவா எனக்குத் தெரியாது? ஆனால் நான் பாசியைப் பெறவில்லையே. எண்பத்தைந்து கிலோ எடையில், வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்கிற உயரத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றேன். அதே இடத்தில், அதே சேற்றில், காத்துக்கொண்டிருக்கிறார்களாம். வாசனை பிடித்து மேலே வருகிறார்களாம். அவன் காணாமல் போன நேரத்தில் நீ கீழே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாயாம். இதையெல்லாம் யாருக்கு எழுதுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

உன் அத்தை இதைப் படிக்காமல் போய்ச் சேர்ந்தாளே, அந்த மட்டும் புண்ணியவதி.

போய் உன் குட்டிகளுக்குச் சோறு போடு. எனக்கு எழுதாதே.


பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

நான் அப்படி நினைத்து எழுதவில்லை. அப்படி நினைத்துப் பார்க்கவே கூடாது என்று இத்தனை மாதம் நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. பாசியைப் பற்றி மட்டும் நினைத்தால் பாசியைப் பற்றி மட்டும் நினைக்கலாம் என்று பழகிவிட்டேன். அந்தப் பழக்கத்தில் கை எழுதிவிட்டது. நீங்கள் படித்த பிறகுதான் நானும் அதைப் படித்தேன்.

திட்டுங்கள். ஆனால் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 11

மாமா,

நாளைக் காலை கிளம்புகிறோம். உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. நடுவில் இரண்டு தடவை எண்ணெய் நிரப்பத் துறைமுகம் போவோம்; அந்த முகவரிகளைத் தையல்காரரிடம் சொல்லி எழுதிவைக்கச் சொன்னேன். "பெரியவர் பேச்சே இல்லைங்க, கீழேயும் இறங்கறதில்லை" என்றார். மாத்திரை தீர்ந்திருக்கும். அவரிடம் சொல்லியிருக்கிறேன், வாங்கித் தருவார்.

உங்கள் பிள்ளையின் பழைய மழைக்கோட்டைக் கப்பலில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.


ஏப்ரல் 3

அன்புள்ள மாமாவுக்கு,

எண்ணெய் நிரப்ப வந்த துறைமுகத்திலிருந்து எழுதுகிறேன். ஆய்வகத்துக்குத் தையல்காரர் போன் செய்து, அவர்கள் கப்பலுக்கு ரேடியோவில் சொன்னார்கள். நீங்கள் எழுந்திருப்பதே இல்லை, எங்கள் கட்டிலிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறீர்கள், அவர் மனைவி வைத்துவிட்டுப் போகிற கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கிறது என்று. டாக்டர் வந்து உடம்பில் ஒன்றும் இல்லை என்றாராம். இப்படியே விட்டால் தாங்காது என்றும் சொன்னாராம். நான் தலைவியிடம் போய் நின்றேன். கப்பலை இப்போது திருப்ப முடியாது என்றார். அவர் மேல் தப்பு இல்லை.

போனில் உங்களுக்குக் கேட்காது. அதனால் இதை விமானத் தபாலில் போடுகிறேன். தையல்காரர் உங்களை உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டுக் கையில் கொடுப்பார்.

நீங்கள் கேட்டபடி பார்த்தேன். கேமராவை அதே இடத்தில் இறக்கினோம். எல்லாப் படங்களையும் நான்தான் பார்த்தேன், மற்றவர்களிடம் கொடுக்கவில்லை. சேறு, ஏதோ ஒன்று ஊர்ந்து போன தடம், ஒரு கண்ணாடிப் பாட்டில். வேறு ஒன்றும் இல்லை. அவர் அங்கே இல்லை, மாமா.

இன்னொன்று. போன வருஷம் அன்று மாலை மேற்கே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் தெரிந்தனவாம். துணைக் கேப்டன் சொன்னார். கேப்டன் ரேடியோவில் அவர்களைக் கூப்பிட்டார். உடனே பதில் வரவில்லை.

எழுந்து சாப்பிடுங்கள். கொஞ்சமாக ஆரம்பியுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 12

என் அருமை மருமகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று சனிக்கிழமை. நடுவில் எழுத நேரமில்லை, அவ்வளவு அலைச்சல்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கவலைப்படுவாய். கடிதத்தைப் படித்து முடித்ததும் கஞ்சியைக் குடித்தேன். ஆறியிருக்கிறது, சுடவைத்துத் தருகிறேன் என்றாள் தையல்காரர் மனைவி. இரும்மா என்று சொல்லிவிட்டு அப்படியே குடித்து, இன்னொரு தம்ளர் கேட்டேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மறுநாள் சவரம் செய்துகொண்டு தெருவில் இறங்கினேன். கால் கொஞ்சம் ஆடியது. அதற்காகத்தான் தையல்காரரின் தோள் இருக்கிறது.

படகு. இந்த ஒரு சொல்லை ஒரு வருஷமாக யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? துணைக் கேப்டனை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு அதன் அருமை தெரிந்திருக்காது. கீழே அவன் இல்லை. பக்கத்தில் படகு இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஏன் பதில் இல்லை? கையில் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டிருப்பவன் ரேடியோவை எப்படி எடுப்பான்? இதைத் தையல்காரரிடம் சொன்னேன். அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அவனுடைய போட்டோவைப் பெரிதாக்கி ஐம்பது பிரதி போட்டாயிற்று. கீழே வாசகம் நான் எழுதியது, ஒரு பிழை கிடையாது. துறைமுகத்துக்குப் போய்ப் படகுக்காரர்களைப் பார்த்தேன். ஒருவர் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த ஜாடையில ஒருத்தர் வடக்குத் துறைமுகத்துல வலை பின்னிட்டு இருந்தார்னு கேள்விப்பட்டேன்" என்றார். ஜாடைதான், நிச்சயமில்லை என்றார். எனக்கு ஜாடை போதும். தலையில் அடிபட்டால் பெயர் மறந்துபோகும், ஆனால் கை மறக்காது. கயிறு பிடித்த கைதானே அவனுடையது.

நான் பிப்ரவரியில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நுணலும் தன் வாயால் கெடும். உன் குட்டிகள் எப்படி இருக்கிறார்கள்? சாப்பிட்டார்களா? உண்மையாகவே கேட்கிறேன். அசையாமல் கிடந்தவர்கள் இந்தத் தடவையாவது அசைந்தார்களா? எழுது.

உன் கடிதத்தில் இந்தத் தடவை ஒரு பிழைகூட இல்லை. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். தையல்காரர் உள்பக்கம் தனிப் பை வைத்துக் கொடுத்தார்.

வடக்குத் துறைமுகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

உன் மாமா


ஏப்ரல் 27

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டாவது துறைமுகத்தில் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார்கள். தளத்தில் நின்று படித்தேன். படித்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் இரண்டு தம்ளர் கஞ்சி குடித்தது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

மாமா, அவர்கள் பதில் சொன்னார்கள்.

உடனே சொல்லவில்லை, அது உண்மை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்கள். நான்கு படகுகள். நான்கும் எங்கள் பக்கத்துக்கே வந்து, இரண்டு நாளும் எங்களோடு சேர்ந்து தேடின. அலை அவ்வளவு இருந்தும் தேடினார்கள். அதில் ஒரு பெரியவர் போகும்போது எங்கள் கப்பலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், அதை நானே பார்த்தேன். இது எனக்கு அன்றிலிருந்தே தெரியும். துணைக் கேப்டன் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. கேமராவும் சாப்பாட்டு மேசை அளவு இடத்தைத்தான் பார்த்தது, முதலிலேயே எழுதியிருந்தேன். இல்லை என்றால் அந்த மேசையில் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் எழுந்தால் போதும் என்று நினைத்தேன். எழுந்த பிறகு பக்கத்தில் இருந்து சொல்லிக்கொள்ளலாம் என்று. இவ்வளவு வேகமாக எழுந்து நடப்பீர்கள் என்று தெரியவில்லை.

மேலே அடித்திருக்கும் வரிகளைப் பார்க்காதீர்கள். பல தடவை எழுதி எழுதி அடித்தேன். வேறு தாளில் எடுத்து எழுதத் தெம்பில்லை, தபால்காரர் காத்திருக்கிறார்.

குட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இந்தத் தடவையும் போட்டதும் ஒரு வகை பாய்ந்து வந்தது. முதல் பெட்டியை எடுத்தபோது ஓடு நிறையப் பச்சை. இரண்டாவது பெட்டியில் குஞ்சு பொரித்த மாதிரி எண்ணிக்கை பெருகியிருந்தது. தலைவி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் போடவில்லை. கடைசிப் பெட்டியை முந்தாநாள் எடுத்தோம். உயிருள்ளதில் மட்டும் ஏறுகிற ரோஜா நிறச் சாயம் ஒன்று உண்டு, அதை ஊற்றிப் பார்த்தேன். அந்த வகையில் பெரும்பாலும் வெள்ளை ஓடுதான். அசையாமல் கிடந்தவை முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவு.

வடக்கே போகாதீர்கள். தையல்காரரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மே பதினாறாம் தேதி கப்பல் கரைக்கு வருகிறது. நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள் மருமகள்


மே 6

மருமகளுக்கு,

கிடைத்தது. தையல்காரரும் படித்தார். படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் துணி தெரிந்தவருக்குத் தாள் தெரியாது.

எனக்குத் தாள் தெரியும். உன் ஏப்ரல் மூன்று கடிதத்தையும் இதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் கடிதத்தில் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, கை நடுங்கவில்லை. மனதில் இருப்பதை அப்படியே எழுதினால்தான் பிரதி அவ்வளவு சுத்தமாக வரும். இந்தக் கடிதத்தில் முதல் பக்கத்திலேயே ஒன்பது அடித்தல். பக்கத்தில் ஆள் நின்று எழுதவைத்தால் எழுத்து இப்படித்தான் இருக்கும். அச்சகத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கேப்டனுக்குப் பயம், படகுகளை விட்டுவிட்டோம் என்று பேச்சு வருமே என்று. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, நீ அவர்கள் கப்பலில் இருக்கிறாய்.

வடக்குத் துறைமுகத்துக்குப் போய்வந்துவிட்டேன். வலை பின்னியவர் வேறு ஆள். வயதும் அதிகம். ஆனால் மரியாதையான மனிதர், இன்னும் மூன்று துறைமுகங்களின் பெயரைச் சொன்னார்.

கப்பல் வரும் நாளில் கரையில் இருப்பேன்.

மாமா


மே 21

அன்புள்ள மாமாவுக்கு,

இதைத் தையல்காரர் எழுதிக் கொடுத்த விடுதி முகவரிக்கு அனுப்புகிறேன். அங்கே இருக்கிறீர்களா என்று அவருக்கும் தெரியவில்லை.

கப்பல் கரையை ஒட்டும்போதே உங்களைப் பார்த்துவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் துணிப்பை. இளைத்திருந்தீர்கள். சட்டை தோளில் மாட்டிவைத்த மாதிரி இருந்தது. நான் அவருடைய மழைக்கோட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு இறங்கினேன். தூரத்திலிருந்து பார்த்து நீங்கள் ஏமாறக் கூடாது என்று.

உங்கள் எதிரில் வந்து நின்றேன். மாமா என்றேன். நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள், ஆனால் கண் என் தோளுக்கு மேலே ஏணியில் இருந்தது. எனக்குப் பின்னால் தலைவி இறங்கினார், மாணவர்கள் இறங்கினார்கள், வின்ச்சில் இப்போது வேலை செய்கிறவர் இறங்கினார். அவர் உயரமானவர். அவர் வெளிச்சத்துக்கு வரும் வரை நீங்கள் மூச்சு விடவில்லை. என் தலையில் இருந்த உங்கள் கை அழுந்தியது, எனக்குத் தெரிந்தது.

கடைசியாகச் சமையல்காரர் வந்தார். நீங்கள் அவரை நிறுத்தி, "அவ்வளவுதானா? வேற யாரும் இல்லையா?" என்று கேட்டீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டியிருக்க வேண்டும். கழுத்து அசையவில்லை. அவருக்கும் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். "உள்ள இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க பெரியவரே, மெதுவா வருவாங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் எந்திர அறை ஆட்கள், அவர்கள் இறங்குகிறவர்களே இல்லை.

நீங்கள் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தீர்கள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றும் விடாமல், வரிசையாக. மெல்லத்தான் சொன்னேன். என்னால் கத்த முடியவில்லை. நீங்கள் நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்றீர்கள். உங்களுக்கு ஒரு சொல்லாவது கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏணியை எடுத்தார்கள். நீங்கள் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "இந்தக் கப்பல்ல இல்ல" என்று சொன்னீர்கள். பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் காட்டினேன். பேனாவை வாங்கி, 'போகலாம்' என்பதில் நான் விட்டிருந்த துணைக்காலைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினீர்கள்.

வீட்டில்தான் இருக்கிறேன். ஆய்வகத்துக்கு எழுதிவிட்டேன், இனி வரவில்லை என்று. எண்ண வேண்டிய ஓடுகளை வேறொருத்தி எண்ணுவாள். இரண்டு பேருக்கும் சமைக்கிறேன். உங்கள் பங்கைத் தினமும் தையல்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். நான் வந்து கூட இருக்கிறேன். தேட வரவில்லை, கூட இருக்க.

உங்கள் மருமகள்


ஜூன் 8

மருமகளுக்கு,

உன் கடிதம் மூன்று ஊர் சுற்றி வந்து சேர்ந்தது. இங்கே படகுகள் மதியம் திரும்புகின்றன, அதனால் காலையில் எழுதுகிறேன்.

நீ வர வேண்டாம். வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அவன் நேரே வீட்டுக்கு வந்து, கதவு பூட்டியிருந்தால் என்ன நினைப்பான்?

உடம்பு பரவாயில்லை. இருமல் இருக்கிறது. இங்கே உள்ளவர்கள் என்னை 'போட்டோ தாத்தா' என்கிறார்கள். பிரதி தீர்ந்துவிட்டது, கடைசி ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் காட்டிவிட்டு வாங்கிக்கொள்கிறேன். நேற்று ஒருவர் பார்த்துவிட்டு எனக்கு ஒரு மீன் கொடுத்தார்.

முகவரி எழுதவில்லை. இங்கே எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. அவன் வந்ததும் முதலில் உனக்குத்தான் எழுதுவேன். அதுவரை எழுத ஒன்றும் இல்லை.

மாமா